ஆட்டிசம் உள்ளவர்களும் நாடகமும்: பரவும் செய்தி தவறு

"ஆட்டிசம் உள்ள பிள்ளைகளால் நாடக அரங்கில் உட்காரவே முடியாது. அவர்களுக்கென்று நடத்தும் காட்சியில் பாதிக் கதையை வெட்டிவிடுகிறார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

நியூயார்க்கின் தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட் என்ற அமைப்பு 2011 அக்டோபரில், அந்நகரின் புகழ்பெற்ற நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில், 'தி லயன் கிங்' நாடகத்தை ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்றே நடத்தியது. இத்தகைய காட்சிகளில் கதையை வெட்டுவதில்லை. திடுக்கிட வைக்கும் சத்தத்தைக் குறைப்பார்கள், பார்வையாளர் மேல் பளிச்பளிச்சென்று அடிக்கும் விளக்கைத் தவிர்ப்பார்கள், அரங்கை முழுசாக இருட்டாக்க மாட்டார்கள். அவ்வளவுதான். நடுவில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போகலாம். வெளியே அமைதியான மூலையில் பத்து நிமிடம் இருந்துவிட்டுத் திரும்பி வரலாம். யாரும் முறைக்க மாட்டார்கள். பெற்றோருக்கு அதுவே எவ்வளவு பெரிய நிம்மதி!

முன்கூட்டியே தரும் படக் கையேடும் ரொம்ப உதவும். வாசல் எப்படி இருக்கும், டிக்கெட்டை எங்கே காட்டுவது, எப்போது கைதட்டுவார்கள் என்றெல்லாம் வீட்டிலேயே பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.

ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது, சரி. வழக்கமான காட்சியையே ரசிப்பவர்களும் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியது அவரும் குடும்பமும்தான், ஒரு ஃபார்வர்டு அல்ல.

சந்தேகம் இருந்தால் அந்த அமைப்பின் இணையதளத்தைப் பாருங்கள், அல்லது போகவிருக்கும் அரங்கின் டிக்கெட் கவுன்டரில் கேளுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.