பிராக்குப் பிள்ளை

எங்கள் வீட்டில் இனி யாரும் என் தங்கச்சியைப் பார்த்து "பிராக்கு", அதாவது கவனமில்லாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பவள், என்று சொல்லக்கூடாது. அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

போன வருடம், 31 வயதில், அவளுக்குக் கவனக்குறைவு வகை ஏடிஎச்டி இருப்பதாக உளநல மருத்துவர் சொன்னார். ஏடிஎச்டி (ADHD) என்பது கவனத்தை நிறுத்திவைக்கவோ துருதுருப்பை அடக்கவோ கஷ்டப்படுத்தும் ஒரு குறைபாடு. இந்த வகையில் ஓட்டமும் துள்ளலும் பெரிதாகத் தெரியாது. பிள்ளை பேசாமல் இருக்கும், மனம் மட்டும் நழுவிக்கொண்டே போகும். வகுப்பைக் குழப்பாத பிள்ளையை யார் கவனிக்கப் போகிறார்கள்? பெண்பிள்ளை என்றால் "அடக்கமானவள்" என்று விட்டுவிடுவார்கள். திருகோணமலையில் வளர்ந்த எங்களுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. போர், இடப்பெயர்வு, பிறகு 2004 சுனாமி. பேசாமல் இருந்த பிள்ளைகளை எல்லாம் "பயந்துபோய் இருக்குது" என்றே நினைத்தோம். பயமும் கவனத்தைக் கலைக்கும்தான். அதனால்தான், இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிவுகட்டாமல் மருத்துவரிடம் போங்கள் என்கிறேன்.

மருத்துவர் பழைய பள்ளிக்கூட ரிப்போட்டுகளைக் கேட்டார். அறிகுறிகள் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டுமாம். அம்மா அலுமாரிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். ஆண்டு 3, 4, 6. மூன்றிலும் வெவ்வேறு கையெழுத்தில் ஒரே சொல்: "கவனயீனம்". அந்தச் சொல்லுக்காக அவள் வாங்கிய அடிகளை நான் பார்த்திருக்கிறேன். அதே தாள்கள் இப்போது அவளுக்காகச் சாட்சி சொல்ல வந்தன. துருதுருப்பு இல்லாமலும் இந்தக் குறைபாடு வரலாம் என்று அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980 இலேயே எழுதியிருக்கிறது. அப்போது அவள் பிறக்கவே இல்லை.

நானும் ஏசியவள்தான். ஒருமுறை கரண்ட் பில் கட்டாமல் அவள் வீட்டு லைட்டை வெட்டிவிட்டார்கள். காசு கையில் இருந்தது. பில் மேசையில் இருந்தது, இரண்டு மாதமாக. "அப்படி என்ன வேலை உனக்கு?" என்று போனில் கத்தினேன். "அக்கா, ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிறனான். பார்க்க நெஞ்சு இடிக்குது. எழும்ப ஏலாமல் இருக்கு" என்றாள். சாட்டுச் சொல்கிறாள் என்றே அன்று நினைத்தேன்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்றை நினைவில் பிடித்து வைப்பது, நேரம் போவதை உணர்வது, வேலையைத் தொடங்குவது, இந்த மூன்றுமே அவளுக்கு எங்களைவிடப் பலமடங்கு பாடு. கோலம் போட உட்கார்ந்தால் மூன்று மணித்தியாலம் தலை நிமிராள். "விருப்பமானதென்றால் மட்டும் செய்வாள்" என்று சொந்தக்காரர்கள் இதைத்தான் குற்றமாகச் சொல்வார்கள். கவனம் அவளிடம் நிறையவே உண்டு, கடிவாளம்தான் கைக்கு வருவதில்லை. "எல்லாருக்கும் மறதி வரும்தானே" என்பது ஆறுதலுக்குச் சொல்வதுதான், ஆனாலும் தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். அவள் படும் பாடு ஒன்றுமில்லை என்று அவளிடமே சொல்வதாகிவிடும்.

மருந்து உதவுகிறது. ஆனால் "நான் ஒரு சோம்பேறி" என்று இருபத்தைந்து வருடமாக அவள் நம்பியிருப்பதை மருந்து எடுத்துவிடாது. அதற்குத்தான் பக்கத்தில் மனிதர்கள் வேண்டும். பாவம் பார்ப்பதை நான் சொல்லவில்லை. அவளுடைய பில்லை நான் கட்டுவதில்லை, அவளும் அதை விரும்பமாட்டாள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்பதை நிறுத்தி, "எந்த இடத்தில் நின்றுபோச்சு?" என்று கேட்கப் பழகியிருக்கிறேன். முதல் கேள்விக்கு அவளிடம் ஒருநாளும் பதில் இருந்ததில்லை. இரண்டாவதற்கு எப்போதும் இருக்கிறது. அநேகமாக மிகச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும், போட்டோ எடுக்கவில்லை, பேனை இல்லை என்பதுபோல.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மேசையில் நானும் போய் இருக்கிறேன். சொல்லிக்கொடுப்பதில்லை, எட்டிப் பார்ப்பதுமில்லை. பக்கத்தில் ஒருவர் தன் பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தாலே அவளுக்குத் தொடங்க முடிகிறது. போன ஞாயிறு கடவுச்சீட்டு விண்ணப்பம் முடிந்தது. எட்டு மாதமாகக் கிடந்த தாள், நாற்பது நிமிடம். நான் அரைக் கிலோ சின்ன வெங்காயம் உரித்தேன்.

பின்னேரம் டச் பே கடற்கரைக்கு நடந்தோம். வழியில் மான்கள் நின்றன. அவள் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். நானும் நின்றேன்.