ரோஸ் பவுல் இடம் மாறிய கதையில் விடுபட்ட ஆள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் கல்லூரி அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் நிற்காமல் நடந்ததால்தான் அமெரிக்க மக்கள் தெம்பாக இருந்தார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது, சரி, ஆனால் அந்த 1942 ரோஸ் பவுல் ஆட்டத்தை (புத்தாண்டையொட்டி நடக்கும் பெரிய கல்லூரி ஃபுட்பால் போட்டி அது) இவ்வளவு இனிப்பாகச் சொல்லியிருக்க வேண்டாம். பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடினால் ஜப்பான்காரன் தாக்கலாம் என்று ராணுவம் பயந்தது, அதனால் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடக்க வேண்டிய ஆட்டம் நாட்டின் மறுகோடியில் வட கரோலினாவின் டர்ஹமுக்குப் போனது. அங்கே இருந்த டியூக் பல்கலைக்கழக மைதானத்தில் இடம் போதாமல் பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் இருந்து இருக்கைகளை இரவல் வாங்கிப் போட்டார்கள். மழையில் சுமார் 56,000 பேர் பார்க்க, ஒரெகன் ஸ்டேட் பல்கலைக்கழக அணி 20-16 என்று டியூக் அணியை ஜெயித்தது. இதெல்லாம் கட்டுரையில் இருக்கிறது.

இல்லாதது ஜாக் யோஷிஹாரா. ஒரெகன் ஸ்டேட் அணியில் இருந்த ஜப்பானிய வம்சாவளிப் பையன். பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே எஃப்பிஐ (அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை) ஆட்கள் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள், அணியோடு ரயிலேற விடவில்லை. அப்புறம் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைக்க ஐடஹோ மாநிலத்தில் இருந்த மினிடோகா முகாமில் அடைத்தார்கள், படிப்பும் போச்சு. ஒரெகன் ஸ்டேட் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது 2008-ல்தான்!

தோற்ற அணியின் கோச் வாலஸ் வேட், ஐம்பதை நெருங்கும் வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்து ஐரோப்பா போனார், அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.