குரூப்பில் பிடிஎஃப் போட்டுவிட்டால் பாடம் நடத்தியதாக ஆகிவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. ஆசிரியர்களும், பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பெற்றோரும், சொந்த முயற்சியில் ஏதாவது கற்றுக்கொள்கிறவர்களும் நேரம் இருக்கும்போது முழுதாகப் படியுங்கள்.

என் போனில் பாடத்துக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் மட்டும் 11. போன வாரம் அதில் ஒன்றைத் திறந்து, பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனேன். பிடிஎஃப், பிடிஎஃப், யூடியூப் இணைப்பு, மாதிரி வினாத்தாள், மறுபடியும் பிடிஎஃப். ஒவ்வொன்றுக்கும் கீழே வரிசையாகக் கட்டைவிரல், "நன்றி மிஸ்". மூன்று மாதத்தில் ஒரே ஒரு கேள்வி கூட வரவில்லை. அந்தக் குழுவை நடத்துவது நான்தான். இத்தனை கோப்புகளையும் தேடிப் பிடித்துப் போட்டது நான்தான். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஏனென்றால் இன்னொரு குழுவில் நடந்தது வேறு மாதிரி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இரவு எட்டரை மணிக்கு நோட்டைப் படம் பிடித்து அனுப்பினான். பென்சில் எழுத்து. இரண்டு மூன்று தடவை அழித்து எழுதியதில் தாளே நைந்து போயிருந்தது. 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான். கணக்கு நடத்துகிற எல்லோருக்கும் பழக்கமான தப்பு இது. "தப்பு, மீச்சிறு பொது மடங்கு எடு" என்று எழுதியிருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். நான் ஒன்று மட்டும் கேட்டேன்: "அரையை விட இந்த 2/5 பெரிசா, சின்னதா?"

பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு பொண்ணு ஒரு படம் போட்டாள். பத்துக் கட்டம் வரைந்த ஒரு பட்டை. அரை என்றால் 5 கட்டம், 2/5 என்றால் 4 கட்டம் என்று நிழலிட்டிருந்தாள். கீழே, "கூட்டினா எப்படி மிஸ் குறையும்?" கணக்குப் போட்ட பையனே அடுத்து எழுதினான்: "அப்போ கீழே இருக்கிறதைக் கூட்டவே கூடாதா?" அதற்கு மூன்றாவதாக ஒருவன் பதில் சொன்னான்: "கீழே இருக்கிறது துண்டோட சைஸ்டா. சைஸைக் கூட்டக் கூடாது, ஒரே சைஸா மாத்தணும்."

இவ்வளவு வருடமாக நான் பின்னம் நடத்தியதில் இவ்வளவு சுருக்கமாக ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது அவனுடைய வாக்கியத்தைத்தான் வகுப்பில் பயன்படுத்துகிறேன்.

என் கருத்து இதுதான். டிஜிட்டல் கருவிகள் நம்மிடம் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக வந்தவை என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவற்றின் பெரிய பலன் எதிர்த் திசையில் இருக்கிறது: பிள்ளை என்ன நினைக்கிறது, எந்த வரியில் இடறுகிறது என்பதை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பது. நைந்து போன ஒரு தாளின் தப்பை முப்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க முடிந்தது. அதைவிட முக்கியம், பத்து நிமிட மௌனம் கிடைத்தது. வகுப்பில் நான் கேள்வி கேட்டால் முதல் கை உயர்ந்ததுமே அந்தப் பிள்ளையைச் சொல்லச் சொல்லிவிடுவேன். மெதுவாக யோசிக்கிற பிள்ளைக்கு அங்கே இடமே இருப்பதில்லை. குழுவில் இருக்கிறது.

இலவசமாகப் பாட வீடியோக்கள் தருகிற கான் அகாடமி எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துப் பாருங்கள். 2004இல் சல்மான் கான் வேறு ஊரில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். போனில் பேசிக்கொண்டே, இருவருக்கும் திரையில் தெரிகிற ஒரு வரைபலகையில் எழுதிக் காட்டினார். அவள் தடுமாறினால் அவருக்கு உடனே தெரியும். மற்ற உறவினர்களும் கேட்க ஆரம்பித்து நேரம் போதாமல் போன பிறகுதான், 2006இல் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார். மூலவேர் இரண்டு பேருடைய உரையாடல். உலகம் முழுக்க நாம் எடுத்துக்கொண்டது வீடியோவை மட்டும்.

வீடியோவைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். புரியாத இடத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, வெட்கப்படாமல் நாலு தடவை கேட்க முடிகிறதே, அது பெரிய வரம். நானே அப்படித்தான் புள்ளியியலைத் திரும்பப் படித்தேன். ஆனால் முக்கால் மணி நேர விரிவுரையைப் பதிவு செய்து போட்டுவிட்டு "நான் நடத்திவிட்டேன்" என்று நாம் சொல்வது சரியில்லை. இணையவழிப் பாடங்கள் நடத்தும் எட்எக்ஸ் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், நடுத்தரமாகப் பார்த்தால் பிள்ளைகள் அதில் கவனம் செலுத்தியது அதிகபட்சம் 6 நிமிடம்தான். அதைப் படித்த பிறகு என் பதிவுகளை ஆறு நிமிடத்துக்குள் வெட்டினேன். வெட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது, எவ்வளவு தேவையில்லாததைப் பேசியிருக்கிறேன் என்று.

பார்ப்பதால் மட்டும் மனதில் தங்காது என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் செய்த சோதனை அது. ஒரு பத்தியை ஒரு சாரார் மறுபடி மறுபடி படித்தார்கள். இன்னொரு சாரார் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எழுதியவர்களே அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். அதனால்தான் வீடியோவோடு கூடவே மூன்று கேள்வி அனுப்புகிறேன், மறுநாள் ஒன்று, அடுத்த வாரம் அதே பாடத்திலிருந்து இன்னொன்று. இதற்குப் பெரிய செயலி எதுவும் வேண்டாம். சாதாரண கூகுள் ஃபார்ம் போதும்.

பெரிய அளவில் நடந்த இரண்டு சோதனைகளை அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். 2008இல் கனடாவில் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் இருவரும் ஒரு பாடத்தை நடத்தினார்கள். கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள் 25 பேர் அளவில்தான். இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,200 பேருக்கு மேல். 'மூக்' (MOOC, யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பெரிய இணையவழிப் பாடம்) என்கிற பெயரே அந்தப் பாடத்தை ஒட்டித்தான் பிறந்தது. பங்கெடுத்தவர்கள் தங்கள் வலைப்பதிவுகளில் எழுதினார்கள். நடத்தியவர்கள் அதையெல்லாம் திரட்டித் தினமும் ஒரு மடலாக எல்லோருக்கும் அனுப்பினார்கள். படிக்க வந்தவர்கள் எழுதியதே பாடமாக ஆனது. மூன்று வருடம் கழித்து, 2011இல், ஸ்டான்ஃபோர்டிலிருந்து செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடத்தை இணையத்தில் திறந்துவிட்டார்கள். பதிவு செய்தவர்கள் சுமார் 1,60,000 பேர். முடித்தவர்கள் சுமார் 23,000 பேர். 23,000 என்பது எந்த ஆசிரியருக்கும் வாழ்நாளில் கிடைக்காத எண்ணிக்கை, அதில் சந்தேகமே இல்லை. என் மனம் மீதிப் பேரிடம் போகிறது. அவர்களில் எத்தனையோ பேர் சும்மா எட்டிப் பார்க்க வந்திருக்கலாம். ஆனால் உண்மையாகவே கற்க வந்து, ஏதோ ஒரு வரியில் மாட்டிக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் சத்தமில்லாமல் போனவர்களும் இருந்திருப்பார்கள். என்னுடைய கட்டைவிரல் குழுவிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

2020இல் இதை நான் நேரடியாக அனுபவித்தேன். அந்த ஏப்ரலில் உலகம் முழுக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்களின் படிப்பு பாதிக்கப்பட்டது என்று யுனெஸ்கோ கணக்குச் சொன்னது. திரையில் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே நாற்பது நிமிடம் பேசுவேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது மிஸ்" என்று எப்போதும் அதே நாலு குரல். ஒரு பொண்ணு மட்டும் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாள். அக்கறை இல்லை என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் ஒரே போன், மூன்று பிள்ளைகள், முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று அவளுடைய அம்மா சொன்னபோது ஜூலை வந்துவிட்டது. மூன்று மாதம் அந்தப் பிள்ளையைத் தப்பாக நினைத்திருக்கிறேன். ஒரு போன் போட்டு விசாரித்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு, குறிப்பிட்ட நேரத்தில் எல்லோரும் திரைக்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும் என்கிற எந்த ஏற்பாட்டையும் நான் செய்வதில்லை. குரல் பதிவு அனுப்புவேன். போன் கைக்கு வரும் நேரத்தில் கேட்டுவிட்டு, நோட்டைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

கருவி சொல்வதைப் பிள்ளைகள் வேதவாக்காக எடுத்துக்கொள்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் -3² எவ்வளவு என்று குழுவில் வாக்குவாதம். ஒருத்தி பைத்தான் என்கிற நிரல் மொழியில் அடித்துப் பார்த்திருக்கிறாள், -9 வந்தது. இன்னொருவன் எக்செல்லில் அடித்திருக்கிறான், 9 வந்தது. "மிஸ், கம்ப்யூட்டர் எப்படிப் பொய் சொல்லும்?" என்று கேட்டான். இரண்டுமே பொய் சொல்லவில்லை. பைத்தான் நம் கணக்குப் புத்தகம் மாதிரி முதலில் வர்க்கம் எடுத்துவிட்டுக் கழித்தல் குறியைப் பிறகு சேர்க்கிறது. எக்செல் கழித்தல் குறியை முதலில் எண்ணோடு ஒட்டிவிட்டு அப்புறம் வர்க்கம் எடுக்கிறது. யாரோ மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவுகள் இவை. அடைப்புக்குறி எதற்கு என்று நான் கத்திக் கத்திச் சொல்லியும் ஏறாதது அன்றைக்கு ஏறியது. அதைவிட, திரையில் வருகிற விடையையும் "ஏன்?" என்று கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்தது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தப் பழக்கம் இன்னும் அவசியமாகிவிட்டது. கேட்ட மறுநொடியில் முழு விடையும் வந்துவிடுகிறது. சரியான விடையும் தப்பான விடையும் ஒரே தெளிவோடு, ஒரே நம்பிக்கையோடு வருகின்றன. அதைத் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். என் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: முதலில் நீங்கள் போட்டுப் பாருங்கள், அதை அப்படியே கொடுத்து, "விடை சொல்லாதே, எந்த வரியில் தப்பு என்று மட்டும் சொல்" என்று கேளுங்கள். அது காட்டுகிற வரியைக் குழுவில் போடுங்கள். அது சரிதானா என்று நாம் எல்லோரும் பார்ப்போம். சில சமயம் அது சரியான வரியையே தப்பு என்று காட்டியிருக்கிறது. பிள்ளைகளே அதைக் கண்டுபிடித்த நாளில் அவர்கள் முகத்தில், சரி, எழுத்தில், இருந்த பெருமிதத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

ஆசிரியர்களாகிய நம் விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர் அறையில் நம்மில் எத்தனை பேர் "இது எனக்குப் புரியலை" என்று சொல்லியிருக்கிறோம்? நான் உறுப்பினராக இருக்கும் ஓர் ஆசிரியர் குழுவில், பெயர் தெரியாமல் பதிவிடும் வசதி உண்டு. அதில் ஒருவர் எழுதினார்: "15 வருஷமா நடத்துறேன். மைனஸும் மைனஸும் பெருக்கினா ஏன் பிளஸ் வருதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. விதின்னு சொல்லித்தான் கடந்து போயிருக்கேன்." யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. ஒருவர் வரிசையாக எழுதிக் காட்டினார்: 3 × (-2) = -6, 2 × (-2) = -4, 1 × (-2) = -2, 0 × (-2) = 0. ஒவ்வொரு படிக்கும் விடை 2 ஏறுகிறது. அப்படியானால் அடுத்த படி (-1) × (-2) என்ன ஆக வேண்டும்? இன்னொருவர் ஜியோஜீப்ரா என்கிற கணிதச் செயலியில் ஒரு நகர்த்தியை (ஸ்லைடர்) இழுத்தால் கோடு எழும்புகிற மாதிரி செய்து, திறந்த உரிமத்தில் போட்டார். நான் அதை எடுத்து எங்கள் வகுப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றி, மாற்றியதை அங்கேயே திருப்பிப் போட்டேன். கேட்டவர் ஒரு வாரம் கழித்து, தம் வகுப்பில் நடத்திப் பார்த்ததையும் எங்கே சொதப்பியது என்பதையும் எழுதினார். எத்தனையோ பயிற்சி முகாம்களுக்குப் போயிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்குக் கீழே கற்றுக்கொண்ட அளவுக்கு எங்கேயும் நான் கற்றதில்லை.

கட்டைவிரல் குழுவுக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கோப்பு போடுவதை நிறுத்திவிட்டேன். பத்து நாள் ஒன்றுமே போடவில்லை. பிறகு, நான் படித்த காலத்தில் தப்பாகப் போட்ட ஒரு கணக்கை அந்தத் தப்போடு எழுதி, படம் எடுத்துப் போட்டு, "எங்கே இடறினேன், கண்டுபிடிங்க" என்றேன். இரண்டு நாள் கழித்துத்தான் முதல் பதில் வந்தது. முந்தாநாள் ஒரு பையன் தானாகவே கேட்டிருக்கிறான்: "மிஸ், 0.999... என்று முடியாமல் போய்க்கொண்டே இருந்தால் அது 1 தானா?" நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. காலையில் பார்த்தால் கீழே 46 செய்திகள். ஒருத்தி 1/3ஐ 0.333... என்று எழுதி மூன்றால் பெருக்கிக் காட்டியிருக்கிறாள். இன்னொருவன் ஒத்துக்கொள்ளவில்லை, அந்த 0.333... மட்டும் சரியாக 1/3 என்று யார் சொன்னது என்று கேட்கிறான். சாயங்காலம் வேலை முடிந்ததும் உட்கார்ந்து முழுவதையும் படிக்க வேண்டும்.