"அது பாஷைலாம் இல்லக்கா"

போன மாசம் திருவொற்றியூர் ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்துக்கிட்டிருந்தேன். பக்கத்துல ஒரு நரிக்குறவர் அம்மா துணி விரிச்சு பாசிமணி, ஊசி, கருப்புக் கயிறுன்னு பரப்பி வச்சிருந்தாங்க. கூடவே எட்டு, ஒன்பது வயசுப் பையன். ரெண்டு பேரும் கடகடன்னு பேசிக்கிட்டாங்க, எனக்கு ஒரு வார்த்தை பிடிபடல. "என்ன பாஷைடா தம்பி இது?"ன்னு கேட்டேன். அம்மா வாயைத் திறக்குறதுக்குள்ள பையன் முந்திக்கிட்டான். "அது பாஷைலாம் இல்லக்கா. சும்மா நாங்க பேசிக்கிறது."

அந்தச் "சும்மா" வீடு வரைக்கும் என்கூடவே வந்துச்சு.

அதுக்குப் பேர் இருக்கு, வாக்ரிபோலி. இந்தோ ஆரியக் குடும்பம், குஜராத்திக்குச் சொந்தக்கார மொழி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970லயே அதை ஆராய்ஞ்சு புத்தகமா போட்டிருக்கு. அந்த ஜனங்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கிற மசோதா 2022 டிசம்பர்ல நாடாளுமன்றத்துல நிறைவேறிச்சு. இத்தனையும் நடந்திருக்கு, ஆனா அதைப் பேசுற பிள்ளைக்குத் தான் பேசுறது ஒரு மொழின்னே யாரும் சொல்லல.

எனக்கு அவன் வெட்கம் புதுசில்ல. நான் தண்டையார்பேட்டை. காலேஜ்ல முதல் வாரம் "இஸ்துகினு வந்தேன்"னு சொன்னதுக்கு வகுப்பே சிரிச்சுது, பாடம் எடுத்தவரும் சேர்ந்து சிரிச்சார். கலீஜ், நாஸ்டா, பேமானி எல்லாம் உருது வழியா வந்து நம்ம தெருவுல குடியேறின வார்த்தைங்கன்னு பின்னாடிதான் படிச்சேன். அன்னைக்குக் கத்துக்கிட்டது வாயை மூடிக்கிறது மட்டும்தான். ஆனாலும் நான் வாயை மூடிக்கிட்டதால தமிழுக்கு ஒண்ணும் குறையல, கோடிக்கணக்கான பேர் பேசுறாங்க. அவன் வாயை மூடினா கணக்கு வேற.

இதை வடசென்னைக்காரங்க கிட்ட சொல்றதுக்குக் காரணம் மூலகொத்தளம். 1938ல பள்ளிக்கூடத்துல இந்தியைக் கட்டாயமாக்கினதை எதிர்த்து ஜெயிலுக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் 1939ல அடுத்தடுத்து செத்தாங்க. ரெண்டு பேர் சமாதியும் நம்ம மூலகொத்தளத்துலதான். வருஷா வருஷம் ஜனவரி 25 அன்னைக்கு எல்லாக் கட்சியும் மாலையோட வருது. நானும் போயிருக்கேன், இனியும் போவேன். ஆனா வகுப்புல அடுத்தவன் மொழி வந்து உட்கார்ந்தா நம்ம பிள்ளைக்கு என்ன ஆகும்னு பயந்தோமே, அதுதானே இன்னைக்கு வாக்ரிபோலி பேசுற பிள்ளைக்கும் நீலகிரி தோடர் பிள்ளைக்கும் நடக்குது? அந்த வகுப்புல உட்கார்ந்திருக்கிறது நம்ம தமிழ். இதைச் சொன்னா கோவம் வரும். எனக்கும் முதல்ல வந்துச்சு.

தோட மொழியை எடுத்துக்குங்க. பேசுறவங்க ரெண்டாயிரம் பேரைத் தாண்ட மாட்டாங்க. நாம ழகரத்துக்கு மார் தட்டுறோம்; அங்க ரகரத்துலயே மூணு வகை இருக்கு, உரசி வர்ற ஒலிங்க வேற எந்தத் திராவிட மொழியிலயும் இல்லாத அளவுக்கு. கோத்தர் மொழியும் அதே மலைதான், அதே நிலைமைதான். ரெண்டையும் யுனெஸ்கோ அழிவின் விளிம்புல இருக்கிற மொழிங்கன்னு குறிச்சிருக்கு. நம்ம சென்சஸ்ல பத்தாயிரம் பேருக்குக் கீழ பேசுற மொழிக்குத் தனி வரிசையே கிடையாது, "மற்றவை"ன்னு மூட்டை கட்டிடுவாங்க.

2024 பட்ஜெட்ல தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த மாநில அரசு 2 கோடி ரூபாய் அறிவிச்சுது. நல்ல காரியம், குறை சொல்லல. ஆனா பாட்டி பேசுறதை ரெக்கார்டு பண்ணி வைக்கிறது வேற, பேத்தி பேசுறது வேற. அந்தமான்ல போ மொழி பேசின கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரியில இறந்தாங்க. அவங்க குரல் பதிவு இருக்கு. அதுக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்ல.

நியூசிலாந்துல மவோரி ஜனங்க 1982ல வேற வழி பிடிச்சாங்க. மொழிக்கூடுன்னு பேர் வச்சு, பள்ளிக்கூடம் போற வயசுக்கு முன்னாடியே குழந்தைங்களைக் கிழவிங்க கிட்ட விட்டாங்க. நாள் பூரா மவோரியிலதான் சாப்பாடு, தூக்கம், திட்டு எல்லாம். நம்ம கிட்ட பால்வாடி ஏற்கெனவே இருக்கு. நரிக்குறவர் குடியிருப்புக்குப் பக்கத்துல இருக்கிற பால்வாடியில அவங்க பாட்டி ஒருத்தரைச் சம்பளம் போட்டு உட்கார வைங்க. நான் கேக்குறது அவ்வளவுதான். டிகிரி கேக்காதீங்க, அது மட்டும் முக்கியம்.

"அந்த பாஷை சோறு போடுமா?"ன்னு கேப்பீங்க. போடாது. அதனாலதான் தமிழும் இங்கிலீஷும் அவன் நல்லா படிக்கணும். ஒண்ணாங்கிளாஸ்ல டீச்சர் சொல்றதே புரியாம உட்கார்ந்திருக்கிற பிள்ளை அதைத்தான் முதல்ல கோட்டை விடுது. ஒடிசாவுல பழங்குடிப் பிள்ளைங்களுக்கு ஆரம்ப வகுப்பை அவங்க மொழியில தொடங்கிப் படிப்படியா ஒடியாவுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. வியாபாரத்துக்காக ஊர் ஊராப் போற குடும்பத்துக்கு இது எப்படிப் பொருந்தும்னு கேட்டா, அந்தக் கேள்வி நியாயம்தான். அவங்களையே கூப்பிட்டு வச்சுக் கேக்கணும்.

அன்னைக்கு வண்டி லேட்டு. ஒரு சிவப்பு மணி மாலை வாங்கிக்கிட்டு, இதுக்கு உங்க பாஷையில என்னன்னு அந்தம்மாவைக் கேட்டேன். சொன்னாங்க. திருப்பிச் சொன்னேன், பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். "அப்டி இல்லக்கா"ன்னு மூணு தடவை திருத்தினான். நாலாவது தடவை "பரவால்ல"ன்னான். மறக்காம இருக்க போன்ல எழுதி வச்சேன். இப்ப எடுத்துப் படிச்சா, அவன் சொன்ன மாதிரி வரல. நம்ம எழுத்துல அடங்காத ஒலி ஏதோ ஒண்ணு நடுவுல நழுவிப் போயிருக்கு.