கடைசி வரிசையில நின்னவரும் டிக்கெட் வாங்கித்தான் வந்தார்

சனிக்கிழமை ராத்திரி மைதானத்துல நடந்த இசை நிகழ்ச்சியில பின்னாடி நின்னவங்களுக்குப் பாட்டே சரியா கேக்கல. இங்க இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும், வீடியோவும் பார்த்தாச்சு. அதை மறுபடி சொல்லப் போறதில்ல. நான் எழுத உட்கார்ந்தது மறுநாள் வந்த அந்தப் பதிலுக்காக. "ரெண்டாயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கறீங்க? பாட்டு தெளிவா கேக்கணும்னா வீட்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்க." ஏற்பாட்டுக் குழுவுல இருந்த ஒருத்தர் எழுதினது. அவர் எழுதினதைவிட, அதுக்குக் கீழ ரசிகர்களான நம்ம ஆளுங்களே போய் லைக் போட்டிருந்ததுதான் எனக்குத் தாங்கல.

அந்த ரெண்டாயிரம் ரூபாய்க்கு சில்வர் டிக்கெட், அதாவது பின்வரிசை டிக்கெட், வாங்கினவர் மேடைக்குப் பக்கத்துல இடம் கேக்கல. பாடகர் முகம் கிட்டத்துல தெரியணும்னும் கேக்கல. பாட்டு காதுல விழணும்னு கேட்டார், அவ்வளவுதான். இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கினவருக்கு இசை கேக்கறது சலுகையா? அவர் காசு குடுத்து வாங்கின பொருளே அதுதானே. சில்வருக்கும் மேடைக்குப் பக்கத்துல இருக்கிற டயமண்டுக்கும் விலை வித்தியாசம் தூரத்துக்கு. கேக்கறதுக்கும் கேக்காததுக்கும் இல்ல.

"மைதானம்ல, பின்னாடி வரைக்கும் கேக்க வைக்க முடியாது"ன்னு சொல்றவங்களுக்கு: முடியும். எப்படின்னு சொல்றேன்.

தூரம் ரெட்டிப்பாக ரெட்டிப்பாக சத்தம் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) இறங்கும். மேடையிலிருந்து 15 மீட்டர்ல 100 டெசிபல் இருந்தா 30 மீட்டர்ல 94, 60 மீட்டர்ல 88, 120 மீட்டர்ல 82. மேடை ரெண்டு பக்கமும் வாழைத்தார் மாதிரி தொங்குதே லைன் அர்ரேங்கிற ஸ்பீக்கர் அடுக்கு, அது இந்த இறக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது. பின்னாடி ஆயிரம் பேர் சேர்ந்து பல்லவி பாடினா மிச்சமிருக்கிற சத்தத்தை அந்தப் பாட்டே முழுங்கிடும். உடனே சிலர் முன்னாடி இருக்கிற ஸ்பீக்கரை ஏத்திடுவாங்க. அது பெரிய தப்பு. 100 டெசிபல்ல காது பாதிப்பில்லாம இருக்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிஷம்னு வேலை செய்யறவங்க பாதுகாப்பை ஆராயற அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு கணக்குச் சொல்லுது. நிகழ்ச்சியோ மூணு மணி நேரம். முன்வரிசைக்காரர் காது இரைச்சலோட வீட்டுக்குப் போவார், பின்வரிசைக்காரர் வரி புரியாம வீட்டுக்குப் போவார்.

சரியான வழி டிலே டவர். மைதானத்தோட நடுவைத் தாண்டி, மேடையிலிருந்து ஒரு 60 மீட்டர்ல, ரெண்டு கம்பத்துல தனி ஸ்பீக்கர். ஆனா கம்பம் நட்டா மட்டும் போதாது. நம்ம ஊர் 30 டிகிரி வெப்பத்துல ஒலி வினாடிக்கு 349 மீட்டர் போகும். மேடைச் சத்தம் 60 மீட்டர் வந்து சேர 0.17 வினாடி ஆகும். ஒயர்ல போற சிக்னல் டவருக்கு உடனே போயிடும். அதனால டவரை 170 மில்லிசெகண்ட் நிறுத்தி, இன்னும் ஒரு 10, 15 சேர்த்துப் பேச வைக்கணும். அப்பத்தான் காதுக்கு மேடையிலிருந்தே குரல் வர்ற மாதிரி இருக்கும். இந்த நேரத்தைச் சரியா வைக்கலைன்னா ஒவ்வொரு சொல்லும் ரெண்டு தடவை கேக்கும். சனிக்கிழமை வலது பக்கம் நின்ன நிறைய பேர் "எதிரொலி, எதிரொலி"ன்னு எழுதியிருந்தீங்க. அந்தத் திறந்த மைதானத்துல எதிரொலிக்க சுவர் எங்க இருந்துச்சு? அது நேரம் தப்பா வைச்ச டவர்.

இடது டவர் மூணாவது பாட்டோட செத்தே போச்சு. இது வழக்கமா எப்படி நடக்கும்னா, டவருக்கான கரண்ட்டைப் பின்னாடி நிக்கிற ஜெனரேட்டர்ல எடுப்பாங்க. அதே லைன்ல சாப்பாட்டுக் கடைக்காரர் அடுப்பைச் செருகுவார், லோடு தாங்காம எம்.சி.பி. சுவிட்ச் விழுந்து கரண்ட் போயிடும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சிங் டெஸ்க் மேடையிலிருந்து முப்பது நாப்பது மீட்டர்ல இருக்கும், அங்க உட்கார்ந்திருக்கிற இன்ஜினியருக்குப் பின்னாடி செத்தது தெரியவே தெரியாது. அதுக்குத்தான் டவருக்கு ஒரு ஆள், கையில வாக்கிடாக்கி, டவருக்குன்னு தனி லைன். ரெண்டு பேர் சம்பளம். அதை மிச்சம் பிடிச்சாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. கடைசி வரை யாரும் அந்த டவர் பக்கம் வரல, அது மட்டும் தெரியும்.

அந்தச் செத்த டவருக்குக் கீழ ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும். பக்கத்துல கல்லூரிப் பொண்ணு, மகளோ பேத்தியோ. அம்மா செருப்பைக் கழட்டி வைச்சுட்டு நுனிக்கால்ல நின்னு எல்.இ.டி. திரையைப் பார்த்துட்டு இருந்தாங்க. பாடகர் உதடு மூடின பிறகுதான் குரல் வந்து சேருது. அவ்வளவு தூரத்துல அப்படித்தான் இருக்கும். பின்பக்கத்துக்கு தனித் திரை வைச்சு படத்தையும் அதே அளவு தாமதிச்சாத்தான் உதடும் குரலும் சேரும். அவங்களுக்கு அதெல்லாம் தெரியாது. "பாட்டு மாறிடுச்சா, இது எந்தப் பாட்டு?"ன்னு அந்தப் பொண்ணைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பொண்ணு காதுல ஒவ்வொரு வரியா பாடிக் காட்டுச்சு. ஹெட்போன் போட்டுக்கோங்கன்னு இவங்ககிட்டயா சொல்றீங்க?

கேக்கலைன்னா மனுஷன் என்ன செய்வான்? முன்னாடி நகருவான். எல்லாரும் நகருவாங்க. இங்கதான் எனக்குப் பயமே வருது. ஒரு சதுர மீட்டருக்கு நாலு பேர் வரைக்கும் நாமா நகர முடியும். அஞ்சைத் தாண்டினா கூட்டம்தான் நம்மை நகர்த்தும். 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டியில, உள்ள சத்தம் கேட்டதும் கச்சேரி தொடங்கிடுச்சுன்னு நினைச்சு வெளிய நின்ன கூட்டம் நெருக்கினது. திறந்திருந்த கதவு குறைவு. 11 பேர் செத்துப் போனாங்க. 2023 நவம்பர் 25, கொச்சி பல்கலைக்கழகத்துல மழைக்கு ஒதுங்கக் கூட்டம் படிக்கட்டு வழியா இறங்கி 4 பேர் செத்துப் போனாங்க. அதே வருஷம் செப்டம்பர் 10, சென்னைக்குப் பக்கத்துல நம்ம பனையூர்ல நடந்த இசை நிகழ்ச்சியில கையில டிக்கெட்டை வைச்சுக்கிட்டே ஆயிரக்கணக்கான பேர் உள்ள போக முடியாம திரும்பினாங்க. குழந்தைகளைத் தோள்ல தூக்கிட்டு நடந்தவங்களை மறந்துட்டோமா?

"சும்மா குறை சொல்லாதீங்க, வெளிநாட்டுலயும் இப்படித்தான்." இல்லைங்க. சின்சினாட்டிக்கு அப்புறம் அந்த ஊர்ல இருக்கை எண் இல்லாத டிக்கெட்டையே பல வருஷம் தடை பண்ணி வைச்சிருந்தாங்க.

"போலீஸ் அனுமதி கடைசி நேரத்துலதான் வந்துச்சு, 10 மணிக்குள்ள முடிக்கணும்." இதுல நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணிக்கு மேல திறந்த வெளியில ஸ்பீக்கர் போடக் கூடாது. ஆனா 7 மணி நிகழ்ச்சியை 8.20-க்கு ஆரம்பிச்சது போலீஸ் இல்லையே.

"பாடகர் பாவம், அவர் என்ன பண்ணுவார்?" அவரை யாரும் ஒண்ணும் சொல்லல. அவர் பேரை முன்னாடி நிறுத்திட்டுப் பின்னாடி ஒளிஞ்சுக்கறவங்களைத்தான் சொல்றோம்.

"உண்மையான ரசிகனா இருந்தா பொறுத்துப்பான்." இதைத்தான் என்னால பொறுக்க முடியல. விழுப்புரத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் மதியமே பஸ் ஏறி வந்து, வெயில்ல மூணு மணி நேரம் வரிசையில நின்னு, தண்ணி பாட்டிலை கேட்ல பறிகுடுத்துட்டு, உள்ள அதே தண்ணியை மூணு மடங்கு விலைக்கு வாங்கி, பொம்பளைப் பிள்ளைங்க கழிப்பறை வரிசைக்குப் பயந்து அந்தத் தண்ணியையும் குடிக்காம நிக்கறாங்களே, இது பொறுமை இல்லையா? இதுக்கு மேல எந்தப் பொறுமையைக் காட்டணும்? நம்ம அன்பை எடுத்து நம்ம வாயையே அடைக்கறாங்க. அந்த அன்பு பாட்டுக்கு. டவரைச் செத்துக் கிடக்க விட்டவருக்கு இல்ல.

அடுத்த நிகழ்ச்சிக்குப் போறவங்களுக்கு. இருக்கை எண் இல்லாத டிக்கெட்னா கேட் திறக்கிற நேரத்துக்கே போயிடுங்க. உள்ள போனதும் மிக்சிங் டெஸ்க் கூடாரத்தைத் தேடி, அதுக்கு நேர் முன்னாடியோ பக்கத்துலயோ நில்லுங்க. இன்ஜினியர் அந்த இடத்துக்குத்தான் காது வைச்சு சத்தத்தைச் சரி பண்றார், அதைவிட நல்ல இடம் மேடைக்கு நேர் கீழ இருக்கிற ஃபேன் பிட்லகூட கிடையாது. மெடிக்கல் ஷாப்ல ஃபோம் காதடைப்பான் வாங்குங்க: மெல்லிசா உருட்டி, இன்னொரு கையால காதை மேலயும் பின்னாடியும் இழுத்து, உள்ள விட்டு 30 வினாடி விரலால பிடிச்சிருங்க. இல்லைன்னா விரிஞ்சு வெளிய வந்துடும். கூட்டத்துல கையை முகத்துக்குத் தூக்க முடியலைன்னா அந்த நிமிஷமே வெளிய வாங்க. ரெண்டு முழங்கையையும் நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி வைச்சு, தள்ளுக்கு எதிரா போகாம, அது ஓயும்போது பக்கவாட்டுல சாய்வா நகருங்க. கீழ விழுந்த போனுக்குக் குனியவே குனியாதீங்க.

சனிக்கிழமை இடது டவர் பக்கம் நின்னவங்க கவனிங்க. டிக்கெட் மெயிலை அழிச்சுடாதீங்க. கைப்பட்டையை வெட்டி எறியாதீங்க, போட்டோ எடுத்து வைங்க. போன்ல எடுத்த வீடியோவை வாட்ஸாப்ல அனுப்பிட்டு ஒரிஜினலை டெலீட் பண்ணாதீங்க, தேதியும் நேரமும் அதுலதான் இருக்கு. முதல்ல ஏற்பாட்டாளருக்கு மெயில் போடுங்க: எந்தப் பிரிவு, எவ்வளவு காசு, எந்தப் பாட்டிலிருந்து கேக்கல, என்ன வேணும், இந்த நாலும் இருக்கணும். பதில் வரலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். நீங்க குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷம் டைம் இருக்கு. மெயில் எழுதத் தெரியலைன்னா கமெண்ட்ல சொல்லுங்க, உட்கார்ந்து எழுதித் தர்றேன். அந்த அம்மாவோட வந்த பொண்ணு இதைப் பார்த்தா, முதல் மெயில் உங்களுக்குத்தான்.