1 லிட்டர் கடலை எண்ணெய்க்கு 2.5 கிலோ பருப்பு

"இந்த ஒரு பொருள் போதும், முடி கொட்டுவது நின்றுவிடும்!" என்று ஒரு யூடியூப் வீடியோவின் தலைப்பு. உள்ளே போனால் வணக்கம், சப்ஸ்கிரைப், பெல் பட்டன், பாட்டி காலத்துப் பெருமை எல்லாம் முடிந்து ஆறாவது நிமிடத்தில் வருகிறது அந்தப் பொருள்: சின்ன வெங்காயம். அதைத் தலைப்பிலேயே சொல்லியிருந்தால் வேண்டியவர் பார்த்திருப்பார், வேண்டாதவர் அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்.

இதை யூடியூப்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. டீக்கடை வாசலில் தொங்கும் மாலைப் பத்திரிகை போஸ்டர் இதே வேலையைத்தான் செய்தது. 2012-இல் தொடங்கிய அப்வொர்தி என்ற அமெரிக்கத் தளம் ஒரே பதிவுக்கு 25 தலைப்புகள் எழுதிப் பார்க்கச் சொன்னது. கூட்டம் அலைமோதியது. 2014 ஆகஸ்டில் ஃபேஸ்புக், தலைப்பைச் சொடுக்கிய ஆள் உள்ளே இருந்து படிக்கிறாரா, போன வேகத்தில் திரும்புகிறாரா என்று பார்க்கப்போவதாக அறிவித்தது. ஏமாந்து திரும்புகிறவர்கள் அதிகமென்றால் பதிவு கீழே போகும்.

சிறு கடைகளுக்கு விளம்பரம் எழுதுவது என் பிழைப்பு. "தலைப்பு சும்மா அதிரணும் சார்" என்பதுதான் எல்லோரும் கேட்பது. ஒரு செக்கு எண்ணெய்க்காரர் 'எண்ணெய்க் கம்பெனிகள் மறைக்கும் அதிர்ச்சி ரகசியம்!' என்று எழுதிக்கொண்டே வந்துவிட்டார். பேச்சுவாக்கில், ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஆட்ட ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு போட வேண்டும் என்றார். அட, தலைப்பு இதுதானே! இதைப் படிக்கிற எவரும் பருப்பு விலையை மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பார். அப்புறம் வீட்டில் இருக்கும் பாக்கெட்டின் விலை ஞாபகம் வரும். எதையும் மறைக்கவில்லை, ஆனாலும் உள்ளே வராமல் இருக்க முடியாது.

1958-இல் விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸ் காருக்குச் செய்ததும் இதுதான். மணிக்கு 60 மைல் வேகத்தில் அந்தக் காரில் கேட்கும் மிகப் பெரிய சத்தம் மின்சாரக் கடிகாரத்துடையது என்பது தலைப்பு. அதுவும் அவர் கற்பனை இல்லை, ஒரு கார் பத்திரிகையின் சோதனைக் குறிப்பிலிருந்து எடுத்தது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. நம் எழுத்துகள் அகலம், கூகுள் தேடலில் தலைப்பு சீக்கிரமே வெட்டுப்படும். வினையோ கடைசியில் வருவது. 'நாம் தினமும் சமையலுக்குப் பயன்படுத்தும்...' என்று தொடங்கினால் எண்ணெய் என்ற சொல்லே வெளியே தெரியாது. எண்ணெய், லிட்டர், கிலோ எல்லாம் முன்னால் வரட்டும். இடம் மிஞ்சினால் கடைப் பெயரைப் போடுங்கள், 'அதிர்ச்சி' வேண்டாம்.