மேசை இல்லாத தொகுப்பாளர்

பிரிட்டிஷ் தொலைக்காட்சி நேர்காணல் தொகுப்பாளர் மைக்கேல் பார்க்கின்சன் 2023 ஆகஸ்டில் தமது 88ஆம் வயதில் காலமானபோது, "பிறர் பேசக் கேட்கத் தெரிந்தவர்" என்ற பாராட்டைப் பல அஞ்சலிக் குறிப்புகளில் படிக்க நேர்ந்தது. அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அவருடைய பெயரையே தலைப்பாகக் கொண்ட அந்தப் பிபிசி நிகழ்ச்சியின் பழைய பதிவுகளை யூடியூபில் தேடிப்பிடித்துப் பார்த்து வருபவன் என்ற முறையில், அதன் வலிமை வேறோர் இடத்தில் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நடத்துபவர் ஊர் பார்க்கத் தோற்றுப்போகலாம் என்ற வாய்ப்பை அந்த நிகழ்ச்சி கடைசிவரை திறந்தே வைத்திருந்தது. இன்றைய பிரிட்டிஷ் உரையாடல் நிகழ்ச்சிகள் அந்த வாய்ப்பை மிகுந்த சாமர்த்தியத்தோடு அடைத்துவிட்டன.

பார்க்கின்சன் யார்க்‌ஷயரில் பார்ன்ஸ்லிக்கு அருகிலுள்ள கட்வொர்த் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பார்க்கின்சன் பார்ன்ஸ்லி கிரிக்கெட் அணியில், பின்னாளில் நடுவராகப் புகழ்பெற்ற டிக்கி பேர்டுடன் சேர்ந்து ஆடியவர். கிரிக்கெட்டில் பிழைக்க முடியாது என்றானபின் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியாளராகச் சேர்ந்து, மான்செஸ்டர் கார்டியன், டெய்லி எக்ஸ்பிரஸ் என்று படியேறி, கிரனாடா நிறுவனம் வழியாகத் தொலைக்காட்சிக்கு வந்தவர். நகைச்சுவை மேடையிலிருந்தோ நாடகக் கொட்டகையிலிருந்தோ அவர் வரவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கைதட்டல் வாங்குவது அவருடைய தொழில் அல்ல; எதிரில் இருப்பவரிடமிருந்து செய்தி வாங்குவதுதான் அவர் பழகிய தொழில். செய்தியாளர் வெறுங்கையோடு திரும்பும் நாள்களும் அந்தத் தொழிலில் உண்டு.

நிகழ்ச்சி 1971 ஜூன் 19 அன்று 'பிபிசி ஒன்' அலைவரிசையில் தொடங்கியது. அன்று பிரிட்டனில் மூன்றே அலைவரிசைகள். சனிக்கிழமை இரவு வீட்டில் இருந்தவர்களுக்கு வேறு போக்கிடம் அதிகம் இல்லை. அமைப்பு எளிமையானது. ஹாரி ஸ்டோனம் தலைமையிலான இசைக்குழு முகப்பிசையை வாசிக்க, பார்க்கின்சன் படிக்கட்டில் இறங்கி வந்து சில வரிகள் பேசுவார். பின்னர் விருந்தினர்கள் ஒருவர்பின் ஒருவராக அதே படிக்கட்டில் இறங்கி வருவார்கள். முதலில் வந்தவர் தம் பங்கு முடிந்ததும் எழுந்து போய்விடமாட்டார். அடுத்தவர் வந்து உட்காரும்போது பக்கத்து நாற்காலியில் கேட்பவராக இருப்பார், விரும்பினால் குறுக்கே ஒரு சொல் போடுவார். அமெரிக்காவின் இரவு நிகழ்ச்சிகளில் தொகுப்பாளர் ஒரு மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பார். அந்த மேசை அவருக்கு அரணாகவும் அலுவலகமாகவும் பயன்படும். பார்க்கின்சனுக்கு மேசை கிடையாது. எதிரெதிர் நாற்காலிகள், இடையில் வெற்றிடம், மடியில் ஒரு குறிப்பட்டை, அவ்வளவுதான். நிகழ்ச்சி தொடங்கிய மறுமாதமே ஜான் லெனன் வந்தார். பீட்டில்ஸ் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் ஒரு கறுப்புச் சாக்குக்குள் புகுந்துகொண்டுதான் கேட்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். பார்க்கின்சன் சாக்குக்குள் புகுந்து, உள்ளேயிருந்தபடியே கேள்வி கேட்டார். மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம் இப்படியொரு நிபந்தனையை யாரும் வைத்துப் பார்க்கக்கூட மாட்டார்கள். (அந்தத் தொடக்க ஆண்டுகளின் பல பதிவுகள் இன்று இல்லை. ஒளிநாடா விலை உயர்ந்த பொருளாக இருந்ததால், அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்துவது அந்நாளைய வழக்கம். லெனன் தப்பியது நம் நற்பேறு.)

அதற்கு முன் பிபிசியில் 1959 முதல் 1962 வரை 'ஃபேஸ் டு ஃபேஸ்' என்றொரு நேர்காணல் நிகழ்ச்சி நடந்தது. அதை நடத்திய ஜான் ஃப்ரீமனின் முகம் பெரும்பாலும் திரையில் தெரியாது. தோளும் பின்னந்தலையும்தான் தெரியும். கேமரா முழுவதும் விருந்தினர் முகத்திலேயே நிற்கும். கில்பர்ட் ஹார்டிங் என்ற புகழ்பெற்ற வானொலி மனிதர் 1960இல் மரணத்தைப் பற்றிய கேள்வியொன்றில் தாயின் நினைவு வந்து கண்கலங்கியது அந்த முறையின் வெற்றியாகவும் கொடுமையாகவும் ஒருசேரப் பேசப்பட்டது. முகம் காட்டாதவர் தோற்பதற்கும் வழியில்லை. பார்க்கின்சன் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார் என்பேன். ஃப்ரீமனைப் போல மறைந்திருக்காமல், அமெரிக்கர்களைப் போல மேசையின் துணையும் இல்லாமல், விருந்தினரின் வீச்சு எட்டும் தூரத்தில் அவர் அமர்ந்தார்.

அந்த வீச்சு எப்படிப்பட்டது என்பதை முகமது அலி வந்த நாள்களில் பார்க்கலாம். 1971இல் முதன்முறை வந்தபோது அலி வேடிக்கையும் தத்துவமுமாகப் பேசி அரங்கைத் தன்வசப்படுத்தினார். பார்க்கின்சனும் மகிழ்ச்சியாகவே அதற்கு ஒத்துழைத்தார். 1974இல், குத்துச்சண்டையில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்திவிட்டு வந்திருந்த அலியிடம், அவரைப் பற்றி எழுதப்பட்ட ஒரு நூலை மேற்கோள் காட்டி, வெள்ளையர் அனைவரையும் பகைவராகக் கருதும் கொள்கைக்கும் அவருடைய வெள்ளை நண்பர்களுக்கும் எப்படிப் பொருந்தும் என்ற போக்கில் பார்க்கின்சன் கேட்டார். அலியின் முகம் மாறியது. தன்னை நிகழ்ச்சிக்கு வரவழைத்துச் சிக்கவைக்கப் பார்ப்பதாகக் குற்றஞ்சாட்டினார். தன்னை மடக்குமளவுக்கு உனக்கு அறிவு போதாது என்று நேராகவே சொன்னார். தொகுப்பாளர் பேச்சைத் திருப்ப முயன்றார், சமாதானம் சொல்ல முயன்றார், ஒன்றும் எடுபடவில்லை. இந்தப் பகுதியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இருவர் மீதும் மதிப்புக் கூடுகிறது. கேள்வி நியாயமானதுதானா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் இரண்டு மனிதர்கள் தங்கள் உண்மையான கோபத்தோடும் உண்மையான சங்கடத்தோடும் ஒரே அறையில் இருந்தார்கள் என்பதில் வாதம் இல்லை. அலியை நான்கு முறை சந்தித்து நான்கிலும் தோற்றதாகப் பார்க்கின்சனே பிற்காலத்தில் சொல்லி வந்தார். 1981இல் அலி வந்தபோது அவருடைய பேச்சு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. நடுக்குவாத நோய் கண்டறியப்பட்டது 1984இல்தான். பதிவோ அதற்கு முன்பே அதைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

திரைப்பட இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் வந்த கதையைப் பார்க்கின்சன் அடிக்கடி சொல்வார். நிகழ்ச்சிக்கு முன் அறைக்கு வந்த வெல்ஸ், கேள்விப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, இது வேண்டாம், பேசிக்கொண்டிருக்கலாம் என்று அதை அப்புறப்படுத்திவிட்டாராம். வெறும் தானாகத் தோன்ற மறுத்த நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸ் ஜெர்மன் படைவீரர் வேடத்தில் வந்து இறங்கினார். 1976இல் ராட் ஹல் என்பவர் தம் கையில் மாட்டியிருந்த ஈமு பொம்மையை ஏவிவிட, அது பார்க்கின்சனை நாற்காலியோடு தரையில் சாய்த்தது. இங்கேதான் விருந்தினர்களை ஒரே மேடையில் இருத்திவைக்கும் அமைப்பின் பயன் தெரிகிறது. அருகில் இருந்த நகைச்சுவைக் கலைஞர் பில்லி கானலி, அந்தப் பறவை தன் பக்கம் வந்தால் அதன் கழுத்தையும் ஹல்லின் கையையும் முறித்துவிடுவதாக எச்சரித்தார். பறவை அதன்பின் அவர் பக்கம் போகவில்லை. இத்தனை பெரிய மனிதர்களைப் பேட்டி கண்டும் கடைசியில் தம்மை ஒரு பொம்மைப் பறவையோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருப்பார்கள் என்று பார்க்கின்சன் புலம்பியதுண்டு. அவர் பயந்தபடியே ஆயிற்று.

தோற்பதற்கு இடம் வைத்திருந்தவருக்குத்தான் ஜேக்கப் ப்ரொனோவ்ஸ்கியோடு அப்படியோர் இரவு வாய்த்திருக்க முடியும். போலந்தில் பிறந்த யூதரான அந்தக் கணித அறிஞர், 1973இல் ஒளிபரப்பான தமது அறிவியல் தொடரில், ஆஷ்விட்ஸ் முகாமின் குளத்துக்குள் காலணியோடு இறங்கிச் சேற்றைக் கையில் அள்ளிக் காட்டியவர். அவருடைய உறவினர் பலர் அங்கே மாண்டவர்கள். 1974இல் பார்க்கின்சன் அவரை ஒற்றை விருந்தினராக அமர்த்தினார். சனிக்கிழமை இரவின் கேளிக்கைப் பார்வையாளர்களுக்கு முன்னால், பாடகரோ நடிகையோ துணைக்கு இல்லாமல், ஒரு கணித அறிஞரை மட்டும் நம்பி நிகழ்ச்சி முழுவதையும் ஒப்படைப்பது சூதாட்டம்தான். ப்ரொனோவ்ஸ்கி அந்த ஆண்டே இறந்துவிட்டார். தாம் எடுத்த நேர்காணல்களில் ஒன்றை மட்டும் காப்பாற்றலாம் என்றால் இதைத்தான் காப்பாற்றுவேன் என்று பார்க்கின்சன் சொன்னார். ஃப்ரெட் அஸ்டேர், பெட்டி டேவிஸ், பிங் கிராஸ்பி, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்று ஹாலிவுட்டின் பழைய தலைமுறை முழுவதும் ஏறி இறங்கிய படிக்கட்டு அது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தேர்வின் எடை புரியும். (அவர் எவ்வளவோ முயன்றும் கிடைக்காதவர் பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா.)

தோல்விகள் எல்லாம் பெருமைக்குரியவை என்று நான் சொல்ல வரவில்லை. 1975இல், ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் பெயர் பெற்றிருந்த ஹெலன் மிரனிடம், அவருடைய உடலமைப்பு 'தீவிரமான நடிகை'யாக மதிக்கப்படுவதற்குத் தடையாக இருக்கிறதா என்று பார்க்கின்சன் சுற்றிவளைத்துக் கேட்டார். மிரன் அவரை விடவில்லை. என்ன சொல்ல வருகிறீர்கள், வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று மடக்கி, பெரிய மார்பு உள்ளவர் தீவிர நடிகையாக முடியாதா என்று அவர் சொல்லத் தயங்கியதைத் தானே சொல்லிக் காட்டினார். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்தச் சில நிமிடங்கள் பார்க்கின்சனுக்கு எதிரான சாட்சியமாகவே நிற்கின்றன. அவை அப்படி நிற்பதுதான் சரி. 2003இல் ஹாலிவுட் நடிகை மெக் ரயன் ஒற்றைச் சொற்களில் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று பார்க்கின்சன் எரிச்சலோடு கேட்டார். முடித்துக்கொள்வேன் என்றார் ரயன். அங்கேயும் புள்ளி விருந்தினருக்கே. தாம் பொறுமை இழந்திருக்கக் கூடாது என்று பின்னாளில் பார்க்கின்சன் ஒப்புக்கொண்டார். ஆனாலும் பாருங்கள், அந்தக் காலத்து ஆண்களின் கண்ணோட்டத்தை அப்பட்டமாகக் காட்டும் ஆவணமாக மிரன் பேட்டி நமக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம், யாரும் யாரையும் காப்பாற்றாத அந்த அமைப்புதான்.

மீதி வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1970களின் இறுதியில் நிகழ்ச்சியை வாரத்தில் ஐந்து இரவுகளுக்கு விரிக்கும் திட்டத்தைப் பிபிசியின் ஆளுநர் குழு ஏற்கவில்லை. 1982இல் பார்க்கின்சன் விலகி, டிவி-ஏஎம் என்ற காலை அலைவரிசையின் நிறுவனர்களில் ஒருவரானார். உரையாடல் நிகழ்ச்சி என்ற இடத்தை டெரி வோகன் நிரப்பினார். 1985 முதல் வாரம் மூன்று நாள், அதுவும் நேரலையாக. 1990இல் கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட் குடிபோதையில் வந்து அமர்ந்ததும், 1991இல் முன்னாள் விளையாட்டு ஒளிபரப்பாளர் டேவிட் ஐக் நீலப்பச்சை உடையில் வந்து, தம்மைக் கடவுளின் மகன் என்று சொல்லும் பேச்சைப் பேசியதும் வோகனிடம்தான். பார்க்கின்சன் 1998இல் பிபிசிக்குத் திரும்பினார். 2004இல், கால்பந்துத் தொகுப்பு நிகழ்ச்சிக்குச் சனிக்கிழமை இரவு தேவைப்பட்டதால் தமக்குரிய நேரம் கைவிட்டுப் போவதைக் கண்டு ஐடிவி என்ற வணிக அலைவரிசைக்கு மாறினார். 2007 டிசம்பரில் முடித்துக்கொண்டார்.

அதே 2007இல் தொடங்கியதுதான் கிரஹாம் நார்ட்டனின் இன்றைய உரையாடல் நிகழ்ச்சி. நார்ட்டன் கெட்டிக்காரர்; அவருடைய சமயோசிதம் எனக்கும் பிடிக்கும். விருந்தினர்கள் எல்லோரும் ஒரே நீண்ட சோபாவில், கையில் மதுக்கோப்பையோடு, தொடக்கத்திலிருந்தே ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு வேடிக்கைக் கதை முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டிருக்கிறது. கதை சற்றுத் தொய்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர் சிரித்து ஈடுகட்டுவார். நீளமாகப் பதிவு செய்து வெட்டித் தொகுப்பதால் ஒரு நொடி மௌனம்கூட மிஞ்சுவதில்லை. படம் விற்க வந்தவருக்குப் பாதுகாப்பு, நடத்துபவருக்குப் பாதுகாப்பு. இதில் தோற்கும் வாய்ப்பு ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. நிகழ்ச்சியின் இறுதியில் சிவப்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்து தன் கதையைச் சொல்லும் சாதாரணப் பார்வையாளர். அலுப்பூட்டினால் நார்ட்டன் நெம்புகோலை இழுக்க, அவர் கால்கள் மேலே போக, பின்புறமாகக் கவிழ்வார். எல்லோரும் சிரிக்கிறோம், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் பார்க்கின்சன் நிகழ்ச்சியில் நாற்காலியோடு கவிழ்ந்தவர் தொகுப்பாளர் என்பதை மறந்துவிட முடியவில்லை.

இப்போது இன்னொரு படி ஏறியிருக்கிறார்கள். பார்க்கின்சனின் பழைய நேர்காணல்களைக் கொண்டு பயிற்சியளிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு, அவருடைய குரலில் புதிய பிரபலங்களைப் பேட்டி காணும் ஒலித் தொடர் 2024இல் அறிவிக்கப்பட்டு 2025இல் வெளியாகத் தொடங்கியது. குடும்பத்தாரின் ஒப்புதலோடுதான் இது நடக்கிறது. அவர்களுடைய உரிமையைக் கேள்வி கேட்க நான் யார்? குரல் நன்றாகவே பொருந்தியிருக்கலாம், அந்த யார்க்‌ஷயர் சாயல்கூட அப்படியே இருக்கலாம். ஆனால் அலி சீறினால் அது வியர்க்காது. மிரன் திருப்பிக் கேட்டால் அதற்குக் கூச்சம் வராது. இருபது ஆண்டு கழித்து, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று வருந்தவும் வராது. விருந்தினர் எழுந்து போனாலும் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருக்கும் ஒரு பார்க்கின்சனிடம் பேட்டி கொடுக்க, வெல்ஸ் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.